பட்டு மட்டும் சிவப்பாக இருக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கருப்பு-வெள்ளைப் படங்கள் பற்றிப் போன இதழில் எழுதியதிலிருந்து கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: படம் முழுக்கக் கருப்பு-வெள்ளையாக இருக்கும், ஒரு புடவையோ பூவோ குடையோ மட்டும் வண்ணத்தில் நிற்கும். செலக்டிவ் கலர் என்கிறார்களே, அதேதான். ஆசையாகக் கேட்டவர்களும் உண்டு, 'இந்தக் கொடுமைக்கு ஒரு முடிவு கட்டக்கூடாதா' என்று திட்டி எழுதியவர்களும் உண்டு. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து, பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

மகளின் கல்யாண ஆல்பத்தை டிசைன் செய்து காட்டினார்கள். பல பக்கங்களில் எல்லாமே கருப்பு-வெள்ளை, முகூர்த்தப் பட்டு மட்டும் சிவப்பு. சொந்தக்காரர்கள் பிரமாதம் என்கிறார்கள். மகளோ, 'இதெல்லாம் பழைய ஸ்டைல்ப்பா, எடுத்துடச் சொல்லுங்க' என்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது? – திருச்சி

மகள் சொல்வதைக் கேளுங்கள், ஆல்பம் அவருடையது. ஆனால் பழைய ஸ்டைல் என்ற காரணத்தை நான் ஏற்கமாட்டேன். கரிஷ்மா ஆல்பம் (கம்ப்யூட்டரில் டிசைன் செய்து புத்தகமாக அச்சிடுவது) பரவிய காலத்தில் இது பெரிய வித்தையாக இருந்தது உண்மைதான். ரெடிமேட் டெம்ப்ளேட்டில் தாஜ்மகால் ஒரு பக்கம், பறக்கும் புறா ஒரு பக்கம், நடுவில் பட்டு மட்டும் சிவந்த மணப்பெண் என்று ஊர் ஊராக ஒரே ஆல்பம்தான் சுற்றியது, அலுத்துப்போனதில் ஆச்சரியமில்லை. என் குறை வேறு. சாம்பலுக்கு நடுவே ஒரு நிறம் இருந்தால் கண் முதலில் அங்கே போகும், போய் அங்கேயே நின்றுவிடும். மணமேடைப் படத்தில் கண் எங்கே போக வேண்டும்? உங்கள் மகளின் முகத்துக்கு. நீங்கள் சொல்லும் பக்கங்களில் முகம் சாம்பலாகப் பின்னால் போய்விட்டது, புடவை கதாநாயகி ஆகிவிட்டது. ஜவுளிக்கடை விளம்பரம் என்றால் சரி, அவர்கள் கேட்பதே அதைத்தான்.

டிசைனரிடம் ஒன்று கேளுங்கள். அதே படத்தை முழு வண்ணத்தில் ஒன்று, முழுக் கருப்பு-வெள்ளையில் ஒன்று, அவர் செய்தது ஒன்று என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். முழு வண்ணமோ முழுக் கருப்பு-வெள்ளையோ அதே அளவுக்கு நன்றாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், அவர் செய்ததற்கு வேலை இல்லை. மூன்றையும் பார்த்தபிறகும் அவர் செய்ததுதான் பேசுகிறது என்றால் மட்டும் அது ஆல்பத்தில் இருக்கட்டும். பத்துப் பக்கத்துக்கு ஒன்று மிஞ்சினாலே அதிகம்.

எது மிஞ்சும் என்று நினைக்கிறேன் தெரியுமா? தாலி கட்டும் படம். கழுத்தைச் சுற்றி நாலைந்து கைகள், நாத்தனார் விரல், பூமாலை, அட்சதை, யார் கை எது என்றே தெரியாத கூட்டம். முழு வண்ணத்தில் பார்த்தால் பட்டும் மாலையும் பின்னால் எல்.இ.டி விளக்கும் சேர்ந்து கண்ணை இழுத்தடிக்கும். முழுக் கருப்பு-வெள்ளையில் பார்த்தால் மஞ்சள் கயிறு விரல்களோடு விரலாகக் கலந்து காணாமல் போயிருக்கும். அந்த ஒரு கயிற்றை மட்டும் மஞ்சளாக விட்டால் அந்த நிமிடம் என்ன நடக்கிறது என்பது பளிச்சென்று புரியும். மஞ்சள் அங்கே அலங்காரத்துக்கு இல்லை, சேதிக்காக நிற்கிறது.

இன்னொன்று, ஆல்பம் எப்படி இருந்தாலும் எல்லாப் படங்களின் முழு வண்ண ஒரிஜினலையும் பென் டிரைவில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சாம்பலாக்கி ஜேபெக்கில் சேமித்த படத்திலிருந்து அசல் வண்ணம் திரும்பி வராது.

சார், ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட் படத்தில் சிவப்புக் கோட்டு போட்ட குழந்தை வருமே, அதைப் பார்த்து ஆடிப்போனேன். அதே மாதிரி எழும்பூர் ஸ்டேஷனில் தங்கச்சியை நிற்கவைத்து, கூட்டமெல்லாம் கருப்பு-வெள்ளை, அவள் பை மட்டும் சிவப்பு என்று செய்தேன். ஒரு தாக்கமும் இல்லை. ஏன்? – கல்லூரி மாணவர், சென்னை

தம்பி, அந்தப் படம் (1993, ஸ்பீல்பெர்க்) மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுவது, கிட்டத்தட்ட முழுக்கக் கருப்பு-வெள்ளை. கண் அதற்குப் பழகிய பிறகு, நாஜிகள் யூதர் குடியிருப்பைக் காலி செய்யும் காட்சியில், குன்றின்மேல் குதிரையில் உட்கார்ந்து பார்க்கும் கதாநாயகன் ஷிண்ட்லரின் கண் வழியாக அந்தக் குழந்தை வருகிறது. அந்தச் சிவப்பு கத்தவில்லை, மங்கலான சிவப்புதான், கவனித்துப் பாருங்கள். அப்புறம் அதே கோட்டு இன்னொரு முறை வருகிறது, பிணங்களை ஏற்றிய வண்டியில். முதல் முறை விதைத்தது, இரண்டாம் முறை அறுக்கிறது. யூதப் படுகொலை அவ்வளவு கண்கூடாக நடந்தும் அன்றைய வல்லரசுகள் கையைக் கட்டிக்கொண்டு இருந்ததைச் சொல்லவே அந்தச் சிவப்பு என்று ஸ்பீல்பெர்க் பேட்டிகளில் விளக்கியிருக்கிறார். உங்களிடம் இருப்பது ஒரே ஒரு பிரேம், விதைப்பதும் அறுப்பதும் அதற்குள்ளேயே முடிய வேண்டும்.

சினிமாவிலிருந்தே இன்னும் இரண்டு உதாரணம் சொல்கிறேன், இரண்டும் இதைவிட உங்களுக்கு உதவும். ரஷ்ய இயக்குநர் ஐசன்ஸ்டைனின் 'போட்டெம்கின்' 1925-ல் வந்த மௌனப் படம். அன்றைய பிலிமுக்குச் சிவப்பு தெரியாது, செங்கொடியைப் படம் பிடித்தால் கருப்புக்கொடியாகத்தான் விழும். அதனால் வெள்ளைக் கொடியை ஏற்றிப் படம் பிடித்து, பிறகு பிலிமில் ஒவ்வொரு பிரேமாகக் கையால் சிவப்பு தீட்டினார்கள். புரட்சி நடந்து எட்டு வருடமே ஆன ஊரில், அரங்கில் உட்கார்ந்திருந்த யாருக்கும் அந்தச் சிவப்புக்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது. அடுத்தது ஜப்பானிய இயக்குநர் குரோசாவா 1963-ல் எடுத்த ஆள்கடத்தல் படம், 'ஹை அண்ட் லோ' என்று ஆங்கிலத்தில் பெயர். கடத்தியவனுக்குக் கொடுக்கும் பணப்பையை எரித்தால் நிறமுள்ள புகை வரும்படி அதற்குள் ஒரு பொருளை ஒளித்துவைத்துக் கொடுத்திருப்பார்கள். படம் முழுக்கக் கருப்பு-வெள்ளை. திடீரென்று ஊருக்கு மேலே ஒரு புகைபோக்கியிலிருந்து இளஞ்சிவப்புப் புகை கிளம்பும், கடத்தியவன் பையை எரித்துவிட்டான் என்று தெரிந்துவிடும். அந்தப் புகையைச் சாம்பலாகக் காட்டினால் கதையே நகராது. என்னைக் கேட்டால் இந்த உத்தியின் உச்சம் அதுதான்.

இப்போது உங்கள் தங்கச்சியின் பைக்கு வாருங்கள். அது சிவப்பு என்று தெரிவதால் பார்ப்பவருக்குப் புதிதாக என்ன தெரிகிறது? ஒன்றும் இல்லை. நீலமாக இருந்தாலும் அதே படம்தான்.

வேறு ஒன்றை எடுத்துப் பாருங்கள், மிளகாய்த் தோட்டத்தில் பழம் பறிக்கும் ஒரு அம்மாவின் கை. செடியில் பச்சையும் பழுத்ததும் கலந்து தொங்குகின்றன, கை பழுத்ததை மட்டும் தேடிப் போகிறது. வண்ணத்தைச் சாம்பலாக்கும்போது பரவலாகப் பயன்படும் கணக்கு, சிவப்பில் 30 சதவீதம், பச்சையில் 59, நீலத்தில் 11 எடுத்துக் கூட்டுவது. அப்படிக் கூட்டினால் உச்ச அளவான 255-ல் உள்ள சுத்தச் சிவப்பும், 130 அளவுள்ள இலைப்பச்சையும் ஏறக்குறைய ஒரே சாம்பல்தான், இரண்டுமே 76-ஐ ஒட்டி வந்து நிற்கும். அதாவது பழமும் இலையும் ஒன்றாகிவிடும், கை ஏன் அங்கே போகிறது என்று யாருக்கும் புரியாது. அந்த நாலைந்து பழத்தை மட்டும் சிவப்பாக விட்டால் படத்துக்கு அர்த்தமே வந்துவிடும். உங்கள் கேமராவோடு ஒரு நாள் அந்தப் பக்கம் போய் வாருங்கள், ஸ்டேஷன் எங்கேயும் ஓடிவிடாது.

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கியதை எடுத்து, பட்டை மட்டும் பச்சையாக விட்டேன். எங்கள் போட்டோகிராபிக் குழுவில் 'கிளிஷே' என்று ஓட்டுகிறார்கள். – மதுரை

ஓட்டட்டும். அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்று தெரிந்துகொள்ளத்தானே விடிய விடிய வைகைக் கரையில் அவ்வளவு ஜனம் நிற்கிறது? பச்சைப்பட்டு என்றால் அந்த வருடம் வெள்ளாமை செழிக்கும் என்று நம்பிக்கை, மறுநாள் பேப்பரில் தலைப்பே அதுதான். அதைச் சாம்பலாக்கிக் காட்டினால் செய்தியை அழித்த மாதிரி. முழு வண்ணத்தில் காட்டினாலோ தண்ணீர் பீய்ச்சும் தோப்பறைகள், சர்க்கரைச் செம்புகள், பலூன், போலீஸ் தொப்பி எல்லாம் சேர்ந்து பட்டை விழுங்கிவிடும். நீங்கள் செய்தது சரி.

ஒரே ஒரு திருத்தம். நீங்கள் அனுப்பிய பிரதியில் தங்கக் குதிரை மங்கிக் கிடக்கிறது. கருப்பு-வெள்ளையாக மாற்றும்போது மஞ்சள் ஸ்லைடரை (அந்த நிறத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டை) மேலே தள்ளுங்கள், தங்கத்தின் பெரும்பகுதி அந்த ஸ்லைடருக்குள்தான் வரும், குதிரை வெள்ளி மாதிரி ஒளிவிடும். பட்டுக்குக் கீழே இருப்பது மின்னினால்தான் பச்சையும் எடுபடும். அப்புறம் கூட்டத்தில் வலது ஓரத்தில் ஒருவர் பச்சைத் துண்டு போட்டிருக்கிறார், அதன் ஓரத்திலும் பிரஷ் பட்டிருக்கிறது, அழித்துவிடுங்கள்.

லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் சிவப்பைத் தவிர மற்ற எல்லா நிறங்களின் சாச்சுரேஷனையும் (நிறச் செறிவு) மைனஸ் 100-க்கு இழுத்தேன். புடவை நின்றது, ஆனால் மணப்பெண்ணின் உதடு, காது, மருதாணி விரல் எல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்து நிற்கிறது. சரிகை செத்துப்போய்விட்டது. – ஆரணி

அந்தக் குறுக்கு வழியில் இது நடந்தே தீரும். லைட்ரூமில் எட்டு நிற ஸ்லைடர்கள் இருக்கின்றன, அவற்றுக்குப் புடவையும் தெரியாது மனிதரும் தெரியாது, நிறம் மட்டும்தான் தெரியும். நம் ஊர்த் தோல் பெரும்பாலும் ஆரஞ்சில் விழும், ஆனால் உதடு, காது மடல், விரல் மூட்டு, கண்ணின் ஓரம் எல்லாம் சிவப்புக்குள் போய்விடும். நீங்கள் ஆரஞ்சைக் கொன்றுவிட்டுச் சிவப்பை விட்டதால் முகம் சாம்பல், காது மட்டும் சிவப்பு. பார்க்க ஏதோ அடி வாங்கிய மாதிரி இருக்கும்.

சரிகை கதை இதைவிடப் பாவம். தங்கச் சரிகை மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில் இருக்கிறது, அதை இழுத்துவிட்டால் அலுமினியத் தாள் ஒட்டிய மாதிரி ஆகிவிடும். ஆரணியிலிருந்து எழுதுகிறீர்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உடல் சிவப்பாகவும் கரை சாம்பலாகவும் ஒரு பட்டை நெய்தவர் பார்த்தால் என்ன நினைப்பார்? புடவையை வண்ணத்தில் விடுவதென்றால் கரை, முந்தி, புட்டா எல்லாவற்றோடும் விட வேண்டும். நிறத்தை வைத்துத் தேர்ந்தெடுக்காமல் பொருளை வைத்துத் தேர்ந்தெடுங்கள். லைட்ரூமின் மாஸ்க்கில் (திருத்தம் எங்கே விழ வேண்டும் என்று மறைத்துக் காட்டும் வசதி) ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் வசதி வந்துவிட்டது, அதில் உடையை மட்டும் தனியாகப் பிடிக்கலாம். பிடித்ததைத் தலைகீழாக்கி, வெளியே உள்ள எல்லாவற்றின் சாச்சுரேஷனையும் இறக்குங்கள். கையோடு ஒட்டியிருக்கும் மடிப்பு, மாலை விழும் இடம், வளையல் இடுக்கு இங்கெல்லாம் அது தடுமாறும், அங்கே நீங்கள்தான் பிரஷ் எடுத்துத் திருத்த வேண்டும்.

மல்லிகைக்கு மட்டும் கவலை வேண்டாம், அது எப்படி விட்டாலும் வெள்ளை. கனகாம்பரம் வைத்திருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

போட்டோஷாப்பில் 'செலக்டிவ் கலர்' என்றே ஒரு கட்டளை இருக்கிறது. அதைத் திறந்து எவ்வளவு இழுத்தாலும் படம் கருப்பு-வெள்ளை ஆகமாட்டேன் என்கிறது. – வேலூர்

ஆகாது, அது இதற்கானது இல்லை. அச்சு மையின் கணக்கில், ஒரு நிறத்துக்குள் சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்று கூட்டிக் குறைக்கும் கருவி அது. உங்களுக்கு வேண்டியது பிளாக் அண்ட் வொயிட் அட்ஜஸ்ட்மென்ட் லேயர். அதைப் போட்டதும் அதற்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை மாஸ்க் வந்து உட்காரும். கருப்பு பிரஷ்ஷால் மாஸ்க்கின் மேல் தீட்டினால் கீழே இருக்கும் வண்ணம் வெளியே வரும், அதிகமாகிவிட்டால் வெள்ளையால் மூடலாம். எக்ஸ் விசையைத் தட்டினால் கருப்பும் வெள்ளையும் இடம் மாறும். கிம்ப் பயன்படுத்துகிறவர்கள் லேயரை ஒரு நகல் எடுத்து, மேலே உள்ளதன் வண்ணத்தை நீக்கி, அதற்கு மாஸ்க் போட்டு இதே வேலையைச் செய்யலாம், காசு செலவில்லை.

மாஸ்க் எல்லாம் ஒழுங்காகத்தான் போடுகிறேன், ஆனாலும் வெட்டி ஒட்டிய மாதிரி இருக்கிறது. புடவையின் விளிம்பில் வேறு மெல்லிய கோடு. – ஆல்பம் டிசைனர், சேலம்

நீங்கள் அனுப்பிய படத்தை 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு விஷயம் இருக்கிறது.

முதலாவது கோடு. கருப்பு-வெள்ளை லேயரில் சிவப்பு ஸ்லைடரை நன்றாக மேலே ஏற்றியிருக்கிறீர்கள், முகம் பளிச்சென்று வர வேண்டும் என்று. மாஸ்க்கின் விளிம்பு மென்மையானது, அங்கே பாதி வண்ணம் பாதி சாம்பல். புடவையின் சிவப்பு இருட்டு, அதே சிவப்பின் சாம்பல் வடிவம் வெளிச்சம் என்றால் விளிம்பில் ஒரு வெளுத்த கோடு ஓடத்தான் செய்யும். புடவையைச் சுற்றியுள்ள சாம்பலின் வெளிச்சமும் புடவையின் வெளிச்சமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும், முகத்துக்குத் தனியாக ஒரு கர்வ்ஸ் லேயர் போட்டு ஏற்றுங்கள்.

இரண்டாவதை ரொம்பப் பேர் கவனிப்பதே இல்லை. சிவப்புப் பட்டு கட்டியவரின் தாடைக்கு அடியில் சிவப்பு அடிக்கும், உள்ளங்கையில் அடிக்கும், பளிங்குத் தரையில் அடிக்கும். வெளிச்சம் பட்டில் பட்டுத் திரும்பி அங்கே விழுகிறது. நீங்கள் புடவையின் விளிம்போடு கறாராக வெட்டிவிட்டீர்கள், தரையும் தாடையும் சுத்தச் சாம்பல். அந்தப் புடவை அந்த இடத்திலேயே இல்லை என்று கண்ணுக்கு உடனே தெரிந்துவிடுகிறது. பிரஷ்ஷின் ஒபாசிட்டியை, அதாவது தீட்டும் அழுத்தத்தை, பத்து சதவீதத்துக்குக் கீழே இறக்கி, பெரிய மென்மையான முனையோடு அந்தப் பிரதிபலிப்பு விழும் இடங்களில் ஒரு தடவை தடவிவிடுங்கள், நிறம் இருப்பது தெரியாத அளவுக்குத் தெரிந்தால் போதும். அப்படியே புடவையின் சாச்சுரேஷனையும் கொஞ்சம் இறக்குங்கள். சாம்பலுக்கு நடுவே எந்த நிறமும் இருப்பதைவிடக் கூடுதலாகத் தெரியும், நீங்கள் வேறு ஏற்றிவிட்டால் பிளாஸ்டிக் ஆகிவிடும்.

கம்ப்யூட்டர் இல்லை, போன்தான். வழி உண்டா? – இல்லத்தரசி, நாகர்கோவில்

உண்டும்மா. ஸ்னாப்சீட் என்ற ஆப் இலவசம்தான். படத்தைத் திறந்து கருப்பு-வெள்ளை கருவியைப் போட்டு டிக் செய்யுங்கள். பிறகு இதுவரை செய்த திருத்தங்களைப் பார்க்கும் இடத்துக்குப் போய், கருப்பு-வெள்ளை என்ற வரியைத் தொட்டால் நடுவில் ஒரு பிரஷ் வரும். அதை எடுத்ததும் படம் மறுபடி வண்ணமாகத் தெரியும், பயப்பட வேண்டாம். எங்கெல்லாம் விரலால் தேய்க்கிறீர்களோ அங்கெல்லாம் சாம்பலாகும். வண்ணம் விட வேண்டியது சின்னப் பொருள் என்றால் எல்லாவற்றையும் தேய்ப்பது கஷ்டம், அதனால் மாஸ்க்கைத் தலைகீழாக்கிவிட்டு, பிரஷ்ஷின் வலிமை எண்ணைச் சுழியத்துக்கு இறக்கி அந்தப் பொருளை மட்டும் தேய்த்துக்கொள்ளுங்கள். பதிப்புக்குப் பதிப்பு பொத்தான்களின் இடம் மாறும், வேலை இதுதான். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினால் பிரஷ் தானாகச் சிறியதாக வேலை செய்யும், ஓரங்களை அப்படித்தான் செய்ய வேண்டும்.

ஒரே தட்டில் செய்து தரும் ஆப்கள் நிறைய இருக்கின்றன. அவை பெரும்பாலும் ஆளைக் கண்டுபிடித்து ஆளை முழுக்க வண்ணத்தில் விட்டுப் பின்னணியைச் சாம்பலாக்கும். குழந்தை படத்துக்கு ஒரு தடவை வேடிக்கையாக இருக்கும். முடித்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது சுருக்கும், சுருக்கும்போது வண்ணத்தின் நுணுக்கத்தைத்தான் முதலில் குறைக்கும், சாம்பலை ஒட்டிய சிவப்பின் ஓரம் கசிந்த மாதிரி ஆகிவிடும்.

ஒரு பூக்காரம்மா படம், ரோஜாக் கூடை மட்டும் சிவப்பு. மானிட்டரில் சுத்தமான சாம்பல். லேபில் பிரின்ட் போட்டால் சாம்பலெல்லாம் பச்சை அடிக்கிறது. சண்டை போட்டேன், 'எங்க மிஷின்ல தப்பே இல்ல' என்கிறார்கள். – புதுச்சேரி

பாதித் தப்பு லேபுடையது, மீதி உங்கள் கண்ணுடையது. சண்டையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அசல் கருப்பு-வெள்ளைத் தாளில் படத்தை உருவாக்குவது வெள்ளி, அதில் சிவப்பு ரோஜா வராது. ரோஜா வேண்டுமென்றால் கலர் தாளில்தான் போட்டாக வேண்டும், அதில் சாம்பல் என்று தனியாக ஒன்று கிடையாது, சயானும் மெஜந்தாவும் மஞ்சளும் சரிசமமாகக் கலந்தால் அது சாம்பல். ஒன்று ஒரு பொட்டு குறைந்தாலும் சாம்பல் ஒரு பக்கம் சாயும். முழு வண்ணப் படத்தில் அந்தச் சாய்வு யாருக்கும் தெரியாது, உங்கள் படத்தில் முக்கால்வாசி சாம்பல் என்பதால் மாட்டிக்கொள்கிறது.

கண்ணின் பங்குக்கு ஒரு நல்ல கதை இருக்கிறது. பாரீஸில் கோப்ளான் என்று பெயர்பெற்ற திரைச்சீலை நெசவாலை, அங்கே சாயப்பட்டறையின் தலைவராக 1824-ல் சேர்ந்தவர் ஷெவ்ருல் என்ற வேதியியலாளர். கருப்பு நூலில் கருப்பே இல்லை, வெளுத்துத் தெரிகிறது என்று ஒரு புகார். அவர் நூலை எடுத்துச் சோதித்தார், சாயத்தில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் எந்த நிற நூல் ஓடுகிறதோ அதுதான் கருப்பைக் கெடுக்கிறது என்று கண்டுபிடித்தார். இதையே தொடர்ந்து ஆராய்ந்து 1839-ல் பெரிய புத்தகமாகவே போட்டார். போட்டோகிராபியை உலகத்துக்கு அறிவித்ததும் அதே பாரீஸில், அதே வருடம்தான். அவர் சொன்னதன் சாரம், ஒரு நிறத்துக்குப் பக்கத்தில் சாம்பலை வைத்தால் அந்தச் சாம்பல் எதிர்நிறத்தின் பக்கம் சாய்ந்து தெரியும். சிவப்புக்கு எதிர்நிறம் நீலம் கலந்த பச்சை. கூடை நிறைய ரோஜா இருந்தால் சுற்றியுள்ள சாம்பல் பச்சையாகத் தெரிவது பார்வையின் இயல்பு. ரோஜாவைக் கையால் மறைத்துவிட்டுப் பிரின்ட்டைப் பாருங்கள், பச்சை எவ்வளவு குறைகிறதோ அது கண்ணின் கணக்கு. மிஞ்சியது லேபின் கணக்கு, அதற்கு மட்டும் சண்டை போடலாம்.

செய்ய வேண்டியது, சாம்பலை முழுச் சுத்தமாக வைக்காமல் லேசாகப் பழுப்புப் பக்கம் சாய்த்துக் கொடுங்கள். மிகக் கொஞ்சமாக, செபியா அளவுக்குப் போகக்கூடாது. பெரிய அளவில் போடுவதற்கு முன் ஒரு சின்னத் துண்டு டெஸ்ட் போடச் சொல்லி, லேபின் டியூப் லைட்டுக்குக் கீழே பார்க்காமல் வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

இந்த மாதிரிப் படத்தை சலோன் எனப்படும் புகைப்படக் கண்காட்சிப் போட்டிகளில் மோனோக்ரோம் (ஒற்றை நிறம்) பிரிவுக்கு அனுப்பலாமா? – கோவை

கூடாது. பன்னாட்டுப் புகைப்படக்கலை அமைப்பான ஃபியாப்பின் வரையறை தெளிவாக இருக்கிறது. கருப்பு-வெள்ளைப் படம் முழுவதும் ஒரே நிறத்தில் டோன் செய்திருந்தால், அதாவது சாயல் ஏற்றியிருந்தால், மோனோக்ரோம். ஒரு பகுதிக்கு மட்டும் டோன் செய்தாலோ, ஒரே ஒரு நிறத்தைச் சேர்த்தாலோ அது கலர் படம், கலர் பிரிவில்தான் போக வேண்டும். பறவை, விலங்கு என்று நேச்சர் பிரிவில் இதைச் செய்து அனுப்பினால் தள்ளுபடிதான். செய்திப் படம் எடுப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

என் கேமராவிலேயே 'பார்ஷியல் கலர்' என்று இருக்கிறதே? – திண்டுக்கல்

விளையாடிப் பாருங்கள், அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதுவும் நிறத்தை மட்டும் பார்க்கும், பொருளைப் பார்க்காது. பெரும்பாலான கேமராக்களில் அது ஜேபெக்காக மட்டும் சேமிக்கும், பிடிக்கவில்லை என்றால் திரும்ப வழியில்லை. நல்ல காட்சி கண்ணில் பட்டால் அந்த மோடை அணைத்துவிட்டு ராவில் (RAW, வண்ணம் எல்லாம் அப்படியே இருக்கும் கோப்பு) எடுங்கள்.

தாத்தா பாட்டி கல்யாணப் படம், 1950-களில் ஸ்டுடியோவில் எடுத்தது. கருப்பு-வெள்ளைதான், ஆனால் பாட்டி கன்னத்தில் ரோஜா நிறம், நகையில் தங்கப் பூச்சு, புடவைக் கரையில் பச்சை. இப்போது மங்குகிறது, சட்டத்தின் கண்ணாடியோடு வேறு ஒட்டிக்கொண்டுவிட்டது. காப்பாற்ற முடியுமா? – காரைக்குடி

முடியும், முதலில் கையை வைக்காமல் இருந்தால். கையால் தீட்டிய படம் அது. கேமரா வந்த சில வருடங்களிலேயே ஐரோப்பாவில் ஓவியர்கள் போட்டோவின் மேல் வண்ணம் வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். யோகோஹாமாவில் 1860-களிலிருந்து ஸ்டுடியோக்கள் ஓவியர்களை வைத்து வண்ணம் தீட்டிய படங்களை வெளிநாட்டுப் பயணிகளுக்கு விற்றன. நம் ஊர் ஸ்டுடியோக்களிலும் அதற்கென்று ஆர்ட்டிஸ்ட் இருந்தார்கள், குச்சியில் பஞ்சு சுற்றி, கீழே உள்ள படம் மறையாதபடி மெல்லிய வண்ணத்தை ஒற்றி ஒற்றி எடுப்பார்கள். முழுவதும் தீட்டினால் கூலி அதிகம், அதனால் எது முக்கியமோ அதற்கு மட்டும். உங்கள் பாட்டிக்குக் கன்னம், நகை, கரை. நகை தங்கம் என்று தெரிய வேண்டும் என்பதில் அந்த வீட்டார் எவ்வளவு குறியாக இருந்திருக்கிறார்கள் பாருங்கள்.

கண்ணாடியிலிருந்து பிய்க்காதீர்கள். ஈரத்தில், படத்தாளின் மேல் பூசிய ஜெலட்டின் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, இழுத்தால் பாட்டியின் முகம் கண்ணாடியில் நிற்கும், தாள் கையில் வரும். கண்ணாடியோடு அப்படியே சட்டத்திலிருந்து கழற்றி, இருபுறமும் 45 டிகிரி சாய்வில் ஒரே மாதிரி இரண்டு விளக்கு வைத்து, கேமராவுக்குப் பின்னால் கருப்புத் துணி கட்டி, நேர் எதிரே நின்று படம் எடுங்கள், பிரதிபலிப்பு விழாது. கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மட்டும் உலர்ந்த துணியால் துடைக்கலாம். படத்தின் மேல் ஈரத்துணி படவே கூடாது, அந்தக் காலத்து வண்ணங்களில் பல தண்ணீரில் கரைபவை, பாட்டியின் கன்னம் துணியோடு வந்துவிடும். ஒட்டாத படங்கள் வீட்டில் இருந்தால் அவற்றை 600 டி.பி.ஐ-யில், கலர் மோடில் ஸ்கேன் செய்யுங்கள். கருப்பு-வெள்ளைதானே என்று கிரேஸ்கேலில் வைத்துவிடப் போகிறீர்கள். மங்கிய நிறத்தைக் கூட்டுவதெல்லாம் நகலில் செய்யுங்கள், அசலை வெயில் படாத சுவருக்கு மாற்றுங்கள்.

படத்தின் மூலையிலோ அட்டையின் பின்புறத்திலோ ஸ்டுடியோவின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கடை இன்னும் நடந்தால், அல்லது அந்தக் குடும்பம் ஊரில் இருந்தால், பழைய நெகட்டிவ் பெட்டி எங்கேயாவது பரணில் கிடக்க வாய்ப்புண்டு. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களைத் தேடி டிஜிட்டலாக்கியிருக்கிறது, அதனால் இது வெறும் ஆசை வார்த்தை இல்லை. நெகட்டிவ் கிடைத்தால் அதையும் கழுவிவிட வேண்டாம். முகத்தின் மேல் பென்சிலால் டச்சிங் செய்திருப்பார்கள், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் கோடுகள் தெரியும்.